மூன்றாம் நாள் பீப்பாய்

மாப்ள,

கோட்டை, அரண்மனை, தேம்ஸ் பாலம் எல்லாம் படத்தில் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் முழுக்க ஒரு பீர்க் கடையைப் பற்றியது. தங்கச்சி கண்ணில் படாமல் படி. படித்தபின் மாவு மூட்டைக்கு அடியில் வைத்துவிடு.

மூன்று வாரமாக மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு நடுத்தர ஊரில் கிடக்கிறேன். கம்பெனி மெஷினைப் பொருத்தி ஓட்டிக் காட்டுகிற அதே பிழைப்பு. சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிவிடுகிறது. நம்மூரில் அந்த நேரத்துக்குத்தான் ஜனமே வெளியே வரும். இங்கே அதற்கப்புறம் வெளிச்சம் தெரிகிற ஒரே பெரிய கட்டிடம் மார்க்கெட் சதுக்கத்து மூலையில் இருக்கிற பப். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு கம்பெனியுடையது. பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். அங்கே என்னிடம் மனம் விட்டுப் புலம்பியவர்கள் நாளைக்கும் அங்கேதான் போயாக வேண்டும்.

கட்டிடம் ஒரு காலத்தில் வங்கியாக இருந்ததாம். தலையை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை, பளிங்குத் தூண்கள், காலுக்கடியில் கண்ணைப் பறிக்கிற பூப்போட்ட கம்பளம். காலையில் எட்டு மணிக்கே திறந்து முட்டை, பீன்ஸ், காபி போடுகிறார்கள். ஒன்பது மணிக்கு ஒரு பாட்டி ஒரு காபியை வாங்கிக்கொண்டு, காசில்லாமல் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டு, பகல் பன்னிரண்டு வரை ஹீட்டர் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறார். மதியம் குழந்தைகளோடு குடும்பங்கள். இரவு வெள்ளிக்கிழமையானால் உள்ளே நுழைய முடியாது. நம்மூர் டாஸ்மாக் பாரின் இருட்டையும் ஈரத் தரையையும் நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. சரவண பவனில் பீரும் கிடைத்தால் எப்படியிருக்கும், அப்படி நினைத்துக்கொள்.

இந்த மாதிரிச் செயின் கடைகளுக்கெல்லாம் அண்ணன் வெதர்ஸ்பூன். டிம் மார்ட்டின் என்பவர் 1979இல் வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில்லில் ஒற்றைக் கடையாகத் தொடங்கியது, இன்று எண்ணூறு வாக்கில். பழைய வங்கி, சினிமாக் கொட்டகை, தபால் ஆபீஸ் என்று எது காலியானாலும் வாங்கிப் பப்பாக மாற்றுகிற வழக்கத்தை ஊரெங்கும் பரப்பியது அந்தக் கம்பெனிதான். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தன் மனதுக்குப் பிடித்த பப் எப்படியிருக்க வேண்டும் என்று கற்பனையாக எழுதினார். ரேடியோவும் பியானோவும் இல்லாமல் மனிதர்கள் பேசிக்கொள்ள முடிகிற இடம், பரிமாறுகிற பெண்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பெயரோடு தெரிந்திருக்கிற இடம். கட்டுரையின் தலைப்பான 'தி மூன் அண்டர் வாட்டர்' என்பதையே வெதர்ஸ்பூன் தன் கடைகள் பலவற்றுக்கு வைத்தது, பாட்டையும் பெரும்பாலான கடைகளில் விட்டுவிட்டது. நான் போகிற கடையிலும் பாட்டு கிடையாது. ஆனால் பரிமாறுகிற பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். பெயர் எங்கே தெரியும்?

முதல் நாள் கவுன்ட்டரில் பத்து கைப்பிடிகள் வரிசையாக நின்றன. அடிபம்பின் கைப்பிடியைச் சின்னதாக்கி, கடைந்து, மெழுகு பூசினால் எப்படி? அப்படி. ஒன்றைக் காட்டினேன். அந்தப் பையன் இரண்டு மூன்று தடவை நிதானமாக இழுத்தான். செம்பழுப்பாக ஏதோ வந்தது. கண்ணாடிக்குள் முதலில் கலங்கலாகச் சுழன்று, அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போய், மேலே விரற்கடை நுரையாக நின்றது. பார்க்க அழகுதான். வாயில் வைத்தால் ஜில்லென்று இல்லை, புஸ்ஸென்று ஏறவும் இல்லை. ஆறிப்போன கஷாயம் போலிருந்தது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த கிழவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார்.

இதற்கு ரியல் ஏல் என்று பெயர். உனக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இது உன் கடைத் தோசை மாவு மாதிரி. ஆலையில் வடித்த பின்பும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், உள்ளேயே இன்னொரு தடவை நொதிக்கும். கடை நிலவறையில் 11லிருந்து 13 டிகிரிக்குள் படுக்கவைத்து, மேலே சின்ன மர ஆணி இறக்கி, உள்ளே அடைந்த காற்றை விடுவித்து, வண்டல் படியவிட்டு, அப்புறம்தான் கைப்பம்பில் இழுப்பார்கள். வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவது கிடையாது. ஆக, இழுக்க இழுக்க பீப்பாய்க்குள் காற்று போகும். சுமார் மூன்று நாள். அதற்குமேல் ருசி செத்து, காடி வாடை வந்துவிடும். காலையில் இறக்கிய கள்ளு சாயங்காலம் என்ன ஆகிறது என்று உன் தாத்தா சொன்னாரே, அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. நம்மூரில் 1987இலேயே கள்ளுக்குத் தடை வந்துவிட்டதால் உனக்கும் எனக்கும் அது கேள்விஞானம்தான்.

இங்கேயும் ஒரு காலத்தில் இது அழிந்துபோக இருந்தது. பெரிய ஆலைகள் வடிகட்டி, சூடுபண்ணி ஈஸ்ட்டைக் கொன்று, கேஸ் ஏற்றிய பீரை ஊரெங்கும் தள்ளின. அதில் கடுப்பான நாலு பேர் 1971இல் அயர்லாந்தின் கெர்ரி பக்கம் சுற்றுலா போன இடத்தில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் காம்ரா. நம் கிழவரும் அதில் உறுப்பினர், அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் நம் ஆட்களிடம் சொல்லாதே. ஏல் சீக்கிரம் தெளிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைப் போடுவது பழைய வழக்கம். அது கலங்கலை இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். என்னோடு வந்திருக்கிற சக ஊழியர் முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற சைவம். நாலாவது நாள்தான் அவருக்கு இது தெரிந்தது. இப்போது அது போடாத ஏல் எதுவென்று கேட்டுக் கேட்டு வாங்குகிறார்.

சரி, கடைக்கு வருகிறவர்கள் கடையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? மூன்று வாரத்தில் ஒரு மனிதர்கூட முழுசாக நல்ல வார்த்தை சொல்லிக் கேட்கவில்லை. மேஜை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சாப்பிட்ட தட்டு ஒரு மணி நேரமாக அப்படியே கிடக்கிறது. கழிப்பறைக்கு இத்தனை படியா? (முப்பத்திரண்டு. எண்ணினேன்.) போனிலேயே ஆர்டர் பண்ணி மேஜைக்கு வரவழைத்துக்கொள்கிற பொடியன்களுக்கு முதலில் போகிறது, கவுன்ட்டரில் நிற்கிறவன் இளிச்சவாயனா? நுரை அதிகம், பைன்ட் குறைகிறது. ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. விளிம்பு வரை நிரப்பினால்தான் அளவு சரியாகிற கண்ணாடியில் நுரை விரற்கடை நின்றால் ஏல் எவ்வளவு என்பது இந்த நாட்டில் பல வருஷத்து வழக்கு. கிழவர் வாயைத் திறப்பதே இல்லை. கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கவுன்ட்டர் பக்கம் நகர்த்துவார். பையன் மறுபேச்சில்லாமல் இன்னொரு இழுப்பு இழுத்து நிரப்பித் தருவான்.

எல்லாவற்றையும்விட பெரிய புகார் வரிசை. சிரிக்காதே. வெள்ளைக்காரன் என்றாலே வரிசை என்றுதானே நினைத்திருந்தோம்? பப்பில் மட்டும் வரிசை கிடையாதாம். கவுன்ட்டர் நீளத்துக்கு எல்லோரும் பரவி நிற்பார்கள். யாருக்குப் பின் யார் வந்தார் என்பது நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பையன் தப்பாக உன்னைக் கேட்டால், "அவர்தான் முதலில்" என்று நீயே கை காட்ட வேண்டும். இடித்துக்கொண்டு முந்துவது கிடையாது, நோட்டை ஆட்டுவது மகா பாவம். கொரோனாவுக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக ரேஷன் கடை மாதிரி நிற்கிற பழக்கம் வந்துவிட்டது. கிழவருக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வால் கதவு வரை போகும், எட்டு கை நீளக் கவுன்ட்டர் காலியாகக் கிடக்கும். "போஸ்ட் ஆபீஸ்" என்று கெட்ட வார்த்தை மாதிரி முணுமுணுப்பார்.

பின்சந்தில் சின்னதாக ஒரு பப் இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். ஆறு மேஜை, ஒரு நாய், மூன்று கைப்பம்பு. அதே ஏல் அங்கே ஒன்றரை பவுண்டு அதிகம். கடைக்காரர் கோபமே படாமல் சொன்னார்: "அவங்க விற்கிற விலைக்கு எனக்கு வாங்கவே கிடைக்காது." பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் பீப்பாய் எடுக்கிறது, ஆலைக்காரனை அமுக்கி விலை பேசுகிறது. நியாயமான வயிற்றெரிச்சல். மனிதரும் நல்ல மனிதர், இரண்டாவது தடவை போனபோதே எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொண்டார். ஆனால் மாப்ள, அன்று அவர் கொடுத்த ஏலில் லேசாகக் காடி அடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் மொத்தம் நாலு பேர். ஒன்பது காலன் பீப்பாய் என்றால் எழுபத்திரண்டு பைன்ட். மூன்று நாளைக்குள் அதைக் காலி பண்ண நாலு பேரும் ஒரு நாயும் போதுமா?

செயின் கடையில் ஏல் மலிவாக இருப்பதற்குக் காரணம், தேதி முடியப்போகிற பீப்பாயை அடிமாட்டு விலைக்கு வாங்குவதுதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிழவரிடம் கேட்டேன். கையை நீட்டிக் கூட்டத்தைக் காட்டினார். "இந்தக் கும்பலில் பீப்பாய்க்குக் கிழடு தட்ட எங்கே நேரம்?" நான் போன ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மாட்டிய பீப்பாய் ஒன்பதரைக்குக் காலி.

அப்போதுதான் எனக்கு உன் கடை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இலைக்குக் காத்திருந்து காத்திருந்து திட்டுவோமே, "இவன் கடைக்கு மனுஷன் வருவானா" என்று. கூட்டம் இல்லாத நாளில் வந்து புளித்த தோசையைத் தின்றால் தெரியும். இந்தப் பப்புக்கு வருகிறவர்கள் திட்டுகிற கும்பல்தான் அவர்கள் கண்ணாடியில் இருக்கிறதைப் புதிதாக வைத்திருக்கிறது. அவர்களுக்கும் இது தெரியாமலில்லை. அந்தப் பாட்டியிடம்கூட கேட்டேன், இத்தனை குறை சொல்கிறீர்களே, ஏன் வருகிறீர்கள் என்று. "வீட்டில் ஹீட்டர் போட்டால் யார் பணம் கட்டுவது? அப்புறம், குறை சொல்ல வீட்டில் ஆளும் இல்லை" என்றார், பின்னல் கணக்கை விடாமல்.

இங்கிருந்து அரை மணி ரயில் போனால் பர்ட்டன் என்கிற பீர் ஆலை ஊர். அந்த ஊர் நிலத்தடித் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். வெளிறிய கசப்பு ஏலுக்கு அது வாய்ப்பான தண்ணீர். 1820களிலிருந்து ஆல்சாப், பாஸ் என்ற ஆலைகள் அதைக் கப்பலேற்றி கல்கத்தாவுக்கும் நம்ம மெட்ராஸுக்கும் அனுப்பின. இந்தியா பேல் ஏல் என்று கவுன்ட்டரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, உங்கள் ஊர் பீரா என்று கேட்கிறார்கள். வெயிலில் வெந்த துரைமார்கள் குடித்தது, எங்களுக்கு நீராகாரம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பர்ட்டன் போகிறேன், எழுதுகிறேன்.

நேற்று கிளம்பும்போது நடந்தது. கிழவர் அரைமணி வரிசையில் நின்று தனக்குப் பிடித்த ஏலைக் கேட்டார். பையன் இழுத்தான். பாதிக் கண்ணாடியில் பம்பு இருமியது, வெறும் நுரை துப்பியது. பையன் உதட்டைப் பிதுக்கிவிட்டு, கைப்பிடியில் மாட்டியிருந்த பெயர்த் தகட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தான். தீர்ந்தது என்று அர்த்தம். புது பீப்பாய் மாட்டப் பத்து நிமிஷம், வேறு ஏதாவது தரட்டுமா என்றான். கிழவர் வேண்டாம் என்று தலையாட்டினார். என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி "போஸ்ட் ஆபீஸ்" என்றார். முழு பீப்பாயின் முதல் பைன்ட்டுக்காகத் திரும்ப வாலில் போய் நின்றுகொண்டார்.