பெயர் எழுதிய பலகை

ராத்திரி பத்து மணிக்கு எதிர்வீட்டுப் பெரியம்மை கதவைத் தட்டினாள். கையில் மகனுடைய ஒற்றைச் செருப்பு. "மக்கா, ஜீப்புல ஏத்திட்டுப் போனாவ, எந்த ஸ்டேஷன்னு ஒருத்தரும் சொல்லல்ல."

நாலு இடத்துக்குப் போன் போட்டோம். இருக்கிற இடம் தெரியும்போது மணி ஒன்று. அதுவரை அந்தச் செருப்பை அவள் கீழே வைக்கவே இல்லை.

இப்படி அலைய வேண்டியதே இல்லை. கைதானவர் எங்கே இருக்கிறார் என்று 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அங்கே பலகையில் எழுதணும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவு இன்னும் தெளிவு: பெயர், முகவரி, என்ன குற்றச்சாட்டு, எல்லாம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கண்ணில் படும்படி இருக்கணும். நம் மாவட்டத்துக்குத் தலைமையிடம் நாகர்கோவில். உறவினருக்குத் தகவல் சொல்வதும் போலீஸின் கடமைதான், 48-வது பிரிவு.

எஃப்.ஐ.ஆரை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம் கொடுத்துத் தேடலாம். பாலியல் வழக்கு மாதிரியானவை அதில் வராது, வரவும் கூடாது. ஆனால் ஒன்று: பலகையில் பெயர் இருப்பதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தயவுசெய்து அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். அந்தப் பலகை பெரியம்மை மாதிரி ஆட்களுக்காக இருப்பது.

கண்ணில் படும் இடத்தில் பலகை இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அது பற்றிய ஆவணங்களைக் கேளுங்கள். நான் இன்றைக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.