துளைப்பலகை காட்டும் மூளை

மெத்தம்ஃபெட்டமின் போதைப்பழக்கமும் எச்.ஐ.வி. தொற்றும் மூளையில் ஒரே இடத்தைக் குறிவைக்கின்றன: முன்மடலையும் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டத்தையும் இணைக்கும் சுற்றுகளை. வைரஸ் நியூரான்களுக்குள் புகுவதில்லை. மோனோசைட்டுகளோடு வந்து மைக்ரோகிளியாவில் குடியேறுகிறது. அங்கு சுரக்கும் வைரஸின் டாட், ஜிபி120 புரதங்களும் அழற்சியும் நியூரான்களைச் சிதைக்கின்றன. போதைப்பொருள் டோபமினைக் கொட்டவைக்கிறது. அதை மீட்டெடுக்கும் கடத்தியை டாட் முடக்குகிறது.

சான் டியேகோ ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், தொற்று, போதைப்பழக்கம் இரண்டும் இல்லாதவர்களில் 18 விழுக்காட்டினருக்கு அறிதிறன் குறைபாடு இருந்தது. ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தவர்களில் அது ஏறத்தாழ 40. இரண்டும் இருந்தவர்களில் 58.

நரம்பு உளவியலரைத் திணறடிப்பது ஸ்கேன் படம். 2005-இல் வெளியான சான் டியேகோ ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஸ்ட்ரையாட்டம் சுருங்கியிருந்தது. மெத்தம்ஃபெட்டமின் சார்பு உள்ளவர்களுக்கு அதே பகுதி பெருத்திருந்தது. இரண்டும் ஒருவரிடம் கூடினால் வரவும் செலவும் நேராகி, பாதிக்கப்பட்ட மூளையும் படத்தில் இயல்பாகத் தெரியலாம். அத்தகைய படத்தை நம்பி நோயாளியை நலம் என்று அனுப்புவது பிழை.

உண்மை சோதனை மேசையில்தான் வெளிப்படும். துளைப்பலகையின் 25 துளைகளில் முளைகளைத் திருப்பிப் பொருத்தும்போது கை தயங்குகிறது. பன்னிரண்டு சொற்களைக் கேட்டவர் அவற்றை இனவாரியாகத் தொகுக்காமல் சிதறலாகச் சொல்கிறார். தாமே நினைவுகூர முடியாத சொல்லை, சொல்லிக் காட்டினால் அடையாளம் காண்கிறார். சொல் அழியவில்லை, தேடி எடுக்கும் திறன் தளர்ந்திருக்கிறது. மதிப்பெண் தாள் மட்டும் இதைச் சொல்லாது. பயின்ற கண் வேண்டும். கடைசியாகப் போதைப்பொருள் எடுத்த நாள், உறக்கம், மனச்சோர்வு, படிப்பு ஆகியவற்றை விசாரிக்காமல் எடுத்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை.

எச்.ஐ.வி. சார்ந்த அறிதிறன் குறைபாட்டைக் கண்டறிவதற்கான 2007-இன் ஃப்ராஸ்காட்டி வரையறை குறைந்தது ஐந்து அறிதிறன் துறைகளைச் சோதிக்கச் சொல்கிறது. இன்றோ பல இடங்களில் தேதியும் கிழமையும் கேட்கும் பத்து நிமிடச் சோதனையோடு கோப்பு மூடப்படுகிறது. அல்சைமர் போன்ற மறதி நோய்க்குப் பொருந்தும் அந்தக் கேள்விகளில் இந்த நோயாளிகள் எளிதில் தேறிவிடுகிறார்கள். வேகத்திலும் திட்டமிடலிலும் உள்ள ஓட்டை பதிவாவதே இல்லை. நேரம் மிச்சமாகிறது, நோயாளி தவறவிடப்படுகிறார்.

கூட்டுமருந்துச் சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் லேசான குறைபாடு நீடிக்கலாம். மாத்திரை வேளையைத் தவறவிடுபவரைப் பொறுப்பற்றவர் என்று குறிப்பில் எழுதுவதற்கு முன், அவருக்கு முழுச் சோதனை செய்தாக வேண்டும்.