விலகி விழுந்த முத்திரை



பொத்தேரிக் கடைகள் வாங்க மறுக்கும் பத்து ரூபாய் நாணயங்களெல்லாம் கடைசியில் நம் காணிக்கைப் பைக்கே வந்து சேருகின்றன. (14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்தது, யார் கேட்கிறார்கள்?) சென்ற ஞாயிறு அந்தக் குவியலில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கிடந்தது. அதன் முத்திரை ஒரு புறமாய் விலகி, மறுபுறம் பிறை போல வெறும் உலோகமாய் இருந்தது.

காணிக்கை எண்ண உதவும் கல்லூரித் தம்பி அதைக் கண்டதும் எழுந்தே விட்டார். அவர் பிழை நாணயங்களைச் சேகரிப்பவர். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லை சரியாக அமராதபோது இவ்விதம் நேரிடுகிறதாம். ஆண்டும் அதன் கீழுள்ள சிறு குறியும் தப்பியிருந்தால் மதிப்பு அதிகம். நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, வைரவடிவம் என்றால் மும்பை. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. இதில் நட்சத்திரம் தெளிவாக இருந்தது. சுத்தியலால் தட்டிப் பிழையை உண்டாக்கி விற்பவர்களும் உண்டு என்று சொல்லி, விளிம்பை நெடுநேரம் சோதித்தார். பிறகு, "ஐயா, ஐந்நூறு ரூபாய் தருகிறேன், எனக்குத் தருவீர்களா?" என்றார்.

பொருளாளர் பேனாவை மூடிவிட்டார். கொடுத்தவர் ஐந்து ரூபாய் என்று எண்ணித்தானே போட்டார்? மீதி யாருடையது?

மாற்கு 12-ஆம் அதிகாரத்து ஏழை விதவையை நினைத்துக்கொண்டேன். அவள் போட்டவை யூதேயாவை கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாண்டர் யன்னேயுவின் சிறு வெண்கலக் காசுகளாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். வில்லைகளை வரிசையாய் வார்த்து, வெட்டிப் பிரித்து, அவசரமாய் அடித்தவை அவை. நங்கூரம் பாதி வெளியே போயிருக்கும். நட்சத்திரத்தின் கதிர்கள் குறைந்திருக்கும். நேராய் அடித்தது கிடைப்பதே அரிது. ஆகவே கோணலுக்கென்று அன்று தனி விலை இல்லை. இன்றோ அதே காசுகளை அவளுடைய பெயரைச் சொல்லியே விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வியாபாரம் எனக்கு அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை. ஆனால் தம்பியின் கேள்வி நேர்மையானது. அவர் பேசாமல் ஒரு ஐந்து ரூபாயை வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டிருந்தால் எங்களில் ஒருவரும் அறிந்திருக்கமாட்டோம்.

கணக்கில் இப்போதைக்கு ஐந்து ரூபாய் என்றே எழுதியிருக்கிறோம். நாணயம் ஒரு உறையில் பொருளாளர் ஐயாவிடம் இருக்கிறது. அது உங்கள் கையிலிருந்து வந்ததாக நினைவிருந்தால், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்வதும், தம்பிக்குக் கொடுக்கச் சொல்வதும் உங்கள் விருப்பம்.