பார்த்தால் நகராத அணு

அணுவை அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் நின்றுவிடுமாம்! 1977-ல் மிஸ்ராவும், சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த சுதர்சனும் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. பெயர் குவாண்டம் ஜீனோ விளைவு.

சூட்சுமம் தொடக்கக் கணத்தில்தான். அப்போது, மாறுவதற்கான வாய்ப்பு நேரத்தின் வர்க்கமாகத்தான் கூடும். பாதி நேரத்தில் அளந்தால் வாய்ப்பு கால்வாசி. இரண்டு பாதிக்கும் சேர்த்து அரைவாசிதான். ஒவ்வோர் அளவீடும் கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்தில் வைத்துவிடுகிறது.

1990-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் சுமார் 5000 பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதித்தார்கள். சும்மா விட்டால் 256 மில்லிநொடியில் எல்லாமே அடுத்த நிலைக்குத் தாவிவிடும். நடுவே 64 முறை லேசரால் அளந்தபோது பெரும்பாலானவை அசையவேயில்லை. (கண்ணால் பார்ப்பதல்ல, ஒளி படுவதுதான் அளவீடு.)

யுரேனியச் சிதைவையும் இப்படியே நிறுத்தலாமே? முடியாது. அங்கே அந்தத் தொடக்கக் கணம் அளக்கவே முடியாத அளவு குட்டி. 2001-ல் டெக்சாஸில் சோடியம் அணுக்களைச் சற்று அதிக இடைவெளி விட்டு அளந்தபோதோ, அவை ஒளிப்பொறியிலிருந்து இன்னும் வேகமாகத் தப்பி ஓடின!