பேரும் காம்பராவும்

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் ஈற்றில் நிற்கும் சிங்களச் சொல் துறையைக் குறிப்பது. ஆற்றுத்துறையாய் இருந்த ஊர் இன்று மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் பிரியும் சந்தி. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாய் மலையேறியவர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று இச்சந்தியிற் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர்.

எம் கல்லூரியை விட்டபின் யான் ஆசிரியனானேன். தீபாவளி கழிந்ததும் வகுப்பில் ஓரிரு இருக்கைகள் வெறுமையாகும். புதுச் சட்டையுடன் ஊர் வந்த தமையன்மார், திரும்புகையில் தம்பியரையும் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டு சென்றிருப்பர். அவ்வாறு நின்றுவிட்ட மாணாக்கன் ஒருவனைத் தேடி, வத்துகாமத்துக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் தாய் சொன்னாள்:

"அவன் அங்க சாப்பாட்டோட சம்பாதிக்கிறான் சார். நானும் மலைக்குப் போகாட்டி இந்தக் காம்பராவுக்கு யாரு பேரு போடுறது?"

பேர் என்பது தோட்டத்தில் ஒருநாள் வேலை. கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர்தான். காம்பரா லயத்து அறை. அது தோட்டத்துக்கு உரியது.

நாட்டுப்புறத்தில் மிகையான ஆட்கள் உள்ளவரை நகரம் குறைந்த கூலிக்கு ஆள் பெறும். அம்மிகை தீர்ந்தபின் இருபுறமும் கூலி ஏறும் என்பது ஆதர் லூயிஸ் 1954இல் உரைத்த கருத்தின் சாரம். வயற் கிராமத்தில் இதனைக் காணலாம். இளைஞர் நகருக்குப் போய்விட்டால், அறுவடைக்கு வருபவன் வரப்பில் நின்றே கூலி பேசுவான். கொழுந்து மலையில் அவ்வாறு பேச இடமில்லை. அங்கே கூலி கொழும்பில், கூட்டு ஒப்பந்தத்தாலோ சம்பளச் சபையாலோ தீர்மானிக்கப்பட்டு வந்தது. நாட்சம்பளத்தின் அடிப்படைத் தொகை 2016இல் 500 ரூபா, 2019இல் 700, 2021இல் படியுடன் சேர்த்து 1,000, 2024இல் 1,350. தேயிலை விலை ஏலத்தில் உறுதியாகிறது, தம் கையில் இல்லை என்று கம்பனிகள் கூறுவதிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆட்பற்றாக்குறை மலைக்கு வந்து நெடுங்காலமாயிற்று. கூலிதான் அதன் பின்னே நொண்டி நடக்கிறது.

நகரம் அழைப்பது ஆளை. அறை பிடித்து வைப்பது குடும்பத்தை. ஆகவே குடும்பம் பெயர்ந்து போவதில்லை, பிளந்து போகிறது. முதலில் மூத்தவன், பின் இளையவன். கடைசியாக மலையில் நிற்பவள் தாய்.

சென்ற தீபாவளிக்கு அம்மாணாக்கன் என்னைக் காண வந்தான். தம்பியை அழைத்துப் போகப் போகிறாயா என்று கேட்டேன்.

"இல்ல சார், அவன் சோதினை எழுதட்டும்" என்றான்.

தாயைப் பற்றிக் கேட்டேன். அன்றும் அவள் மலையில்தான் இருந்தாள்.