அருவிக்குப் பின்னால் ஒரு வீடு

போன மாதம் மறுபடியும் வீடு மாறினோம். இது எங்களுக்கு ஆறாவது வாடகை வீடு. வீட்டுக்காரர் "காலி பண்ணிடுங்க" என்றதும் அம்மா முதலில் எடுத்து வைப்பது சாமி படங்களைத்தான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பறவையைப் பற்றிப் படித்தேன். சத்தியமாகப் பொறாமையாக இருந்தது!

பறவையின் பேரினம் சிப்செலாய்டீஸ். நம்மூரில் பனைமரத்தைச் சுற்றிப் பறக்குமே உழவாரன், அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் இந்தப் பேரினத்துக்கு வாழிடம் அமெரிக்கக் கண்டங்கள். பலவும் கூடு கட்டுவது அருவியின் ஓரத்திலும் அருவிக்குப் பின்னாலும்தான்.

அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே இகுவாசு அருவி இருக்கிறது. சுமார் 80 மீட்டர் உயரம், 270க்கும் மேற்பட்ட அருவிகள். சாயங்காலம் ஆனால் இந்த உழவாரன்கள் கூட்டமாக வந்து, கொட்டுகிற தண்ணீருக்குள்ளேயே நுழைந்து மறைந்துவிடும். உள்ளே ஈரப்பாறை. இதன் குட்டிக் கால்களால் கிளையில் உட்கார முடியாது. கூரிய நகங்களால் செங்குத்துப் பாறையைப் பற்றித் தொங்கத்தான் முடியும். பாசியும் மண்ணும் சேர்த்து ஒரு கூடு, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. பாம்போ கீரியோ அங்கே எப்படி ஏறும்? தண்ணீர்தான் கதவு. அந்தச் சாவி சிறகு உள்ளவனிடம் மட்டும்!

காலி பண்ணச் சொல்ல ஆளே இல்லாத வீடு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் குவாய்ரா அருவியைப் பற்றிப் படித்தேன்.

பிரேசில், பராகுவே எல்லையில் பரானா ஆற்றில் இருந்தது அது. தண்ணீரின் அளவில் உலகின் மிகப்பெரிய அருவிகளில் ஒன்று. 1982 அக்டோபரில் இட்டைப்பூ அணையின் மதகுகளை மூடினார்கள். இரண்டே வாரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பி, அருவி முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அந்த அணையின் மின்சாரத்தில் இரண்டு நாடுகளில் விளக்கு எரிகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? நானும் விளக்கு வெளிச்சத்தில்தானே படிக்கிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அருவியைக் கதவாக நம்பும் பறவைக்கு எங்களைப் போல ஒரு மாத அவகாசம்கூட யாரும் தரப்போவதில்லை. எடுத்து வைக்க அதனிடம் அட்டைப்பெட்டியும் இல்லை.

சாமி படங்களை மாட்ட அம்மா ஆணி கேட்கிறார். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.