மரை கெட்டுப்போனால்



உங்களில் அநேகர் இருசக்கர வண்டியின் சிறு பராமரிப்பை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளுகிறீர்கள். அது நல்ல பழக்கம். அந்த வேலையில் அடிக்கடி நேரிடுகிற ஓர் இழப்பைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். எஞ்சின் ஆயிலை மாற்றியபின் அடிப்பக்கத்துப் போல்ட்டை முடுக்குகிறீர்கள். இறுகி வந்த போல்ட் திடீரென்று இளகி, பிடிப்பின்றிச் சுற்றத் தொடங்குகிறது. மரை போய்விட்டது.

அதைக் கெடுத்தது பெரும்பாலும் அலட்சியம் அன்று, அச்சமே. வழியில் கழன்றுவிடுமோ என்று அஞ்சி, இன்னும் கால் சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இறுக்குகிறோம். போல்ட் எஃகினால் ஆனது. அது ஏறுகிற எஞ்சின் உறையோ அலுமினியம். மெதுவான உலோகமே முதலில் சிதையும். எஞ்சின் உறையிலுள்ள 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு முடுக்கமே போதும். ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோ எடைக்குரிய விசை, அவ்வளவே. ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. டார்க் ரெஞ்ச் அதை அளந்து காட்டும்.

மற்றொரு காரணம், தொடக்கத்திலேயே நேரும் கோணல். போல்ட்டைத் துளையில் வைத்து முதலில் இடப்புறமாகத் திருப்புங்கள். மரையின் வாய் பொருந்தும் இடத்தில் மெல்லிய அசைவொன்று கைக்குத் தெரியும். அதன்பின் வலப்புறமாக விரல்களாலேயே சில சுற்றுகள் ஏற்றுங்கள். விரலுக்கு இணங்காததை ஸ்பேனருக்கு ஒப்புக்கொடாதிருங்கள்.

கெட்டுப்போனபின் செய்யவேண்டியதென்ன? முதலாவது, நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் புரிகளில் அலுமினியம் நூல்போலச் சுற்றியிருந்தால், சேதம் துளையில் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் உண்டு. துளையைச் சற்றே பெரிதாக்கி, அதற்குரிய டேப்பினால் புதிய மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுவார்கள். சுருளின் உட்புறம் பழைய அளவிலேயே இருப்பதால் அதே அளவுப் போல்ட் மறுபடியும் பொருந்தும். மெதுவான அலுமினியத்தின் இடத்தில் எஃகு நிற்கிறபடியால், சரியாகச் செய்த பழுதுபார்ப்பு முன்னிலும் உறுதியாயிருப்பதுண்டு. உலோகத் துகள் எஞ்சினுக்குள் விழாதபடி காப்பது இதில் முக்கியம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே உத்தமம்.

இங்கே ஒரு சோதனையும் உண்டு. பசையோ டேப்போ சுற்றி, போல்ட்டை ஒட்டவைத்தால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே வண்டியை விற்றுவிடவும் கூடும். ஆனால் அந்தப் போல்ட் ஓடும் வழியில் விழுந்தால் ஆயில் பின்சக்கரத்தை நனைக்கும், வண்டி வழுக்கும், எண்ணெயற்ற எஞ்சின் இறுகி நின்றுவிடும். பிரேக் காலிப்பரைத் தாங்கும் போல்ட்டானால் அபாயம் இன்னும் பெரிது. அதில் தற்காலிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றிச் செல்லப்போகிற ஒருவர், நாம் மறைத்ததை அறியாமலே அதன்மேல் நம்பிக்கை வைக்கிறார்.

ஆகையால், பழுதை உள்ளபடி சொல்லுங்கள். வண்டியை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். இரவல் கேட்கிற தம்பியிடமும் சொல்லுங்கள். சரிசெய்யும்வரை வண்டி வாசலில் நிற்கட்டும். ஓரிரு நாள் பேருந்தில் போவதால் வரும் சிரமத்தை நாம் தாங்கலாம். மற்றொருவர் சாலையில் விழுவதை ஈடுசெய்ய நம்மால் இயலாது. உங்கள் பயணங்கள் பத்திரமாயிருப்பதாக.